ஜன்னிக்கும் வலிப்பு நோய்க்கும் நடுவில் ஒரு வரி

கேள்வி: என் மகளுக்கு 4 வயது முடிந்து ஒரு மாதம் ஆகிறது. 1 வயது 7 மாதத்தில் கடுமையான காய்ச்சலில் ஒரே ஒரு தடவை ஃபிட்ஸ் வந்தது. பக்கத்து மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்து, ‘காய்ச்சலால் வந்தது, பயப்பட வேண்டாம்’ என்று அனுப்பினார்கள். காய்ச்சல் வந்தால் மட்டும் கொடுக்க ஒரு மாத்திரையும் எழுதித் தந்தார்கள். அதன் பிறகு ஃபிட்ஸ் வரவே இல்லை. மீதி மாத்திரை இன்னும் பீரோவில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் டெங்குவுக்காக வேறொரு தனியார் மருத்துவமனையில் ஐந்து நாள் சேர்த்தோம். அந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர், மருந்து எடுத்து வருகிறார்’ என்று போட்டிருக்கிறார்கள். அதைக் காட்டி, சென்ற வருடம் எடுத்த பாலிசியில் நோயை மறைத்துவிட்டோம் என்று கிளைமை நிராகரித்துவிட்டது காப்பீட்டு நிறுவனம். மருத்துவமனை வரவேற்பில் கேட்டால், ‘சிஸ்டத்தில் ஏறிவிட்டது, மாற்ற முடியாது’ என்கிறார்கள். ‘டாக்டரைப் பகைத்துக்கொள்ளாதே, பணம் போனால் போகட்டும்’ என்கிறார் கணவர். பெண் குழந்தை பேரில் இப்படி எழுதிவிட்டார்களே என்று மாமியாருக்குத் தூக்கமே இல்லை. போதாததற்குத் தடுப்பூசி அட்டையில் ஒன்றரை வயது ஊசிக்கான கட்டம் காலியாக இருக்கிறது. அந்த ஊசியை என் அம்மா வீட்டில் இருந்தபோது போட்டோம். பள்ளியில் அட்டையைக் கேட்கிறார்கள். அந்தத் தேதியை நானே எழுதிக்கொள்ளலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அட்டையில் நீங்களாக எதையும் எழுதாதீர்கள். ஊசி போட்டது உண்மைதான் என்றாலும், ஒரு கட்டத்தில் கையெழுத்து மாறியிருந்தால் பார்ப்பவர் அட்டை முழுவதையும் சந்தேகப்படுவார். ஊசி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், அது சுலபம். தலைவலி அந்த ஒரு வரிதான்.

அந்த வரி எப்படி முளைத்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. பயிற்சிக் காலத்தில் நானும் அப்படிப்பட்ட வரிகளை எழுதியவன்தான். ராத்திரி 11 மணி, வார்டு முழுக்கக் காய்ச்சல் குழந்தைகள். டூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார்: “இதுக்கு முன்னாடி குழந்தைக்கு ஏதாவது இருந்திருக்காம்மா?” நீங்களோ பாட்டியோ சொல்லியிருப்பீர்கள்: “ஃபிட்ஸ் வந்திருக்கு டாக்டர். மாத்திரை குடுத்திருக்காங்க.” என்ன மாத்திரை என்று கேட்டு, நீங்கள் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுதியிருப்பார்: ‘கே/சி/ஓ சீஷர் டிஸ்ஆர்டர், ஆன் குளோபசாம்.’ வலிப்பு நோயாளி என்று ஏற்கெனவே தெரிந்தவர், குளோபசாம் மாத்திரையில் இருப்பவர் என்று அர்த்தம். காய்ச்சல் இல்லாமல் எப்போதாவது வந்ததா, மாத்திரையைத் தினமும் தருகிறீர்களா என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அந்த வரியே வந்திருக்காது. மறுநாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டரின் கவனமெல்லாம் பிளேட்லெட்டிலும் வயிற்று வலியிலும் இருந்திருக்கும். டெங்குவில் அப்படித்தான் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று சம்மரி அடித்தவர் முதல் பக்கத்தில் இருந்ததை அப்படியே ஏற்றிவிட்டார்.

இதில் நம் பேச்சுக்கும் பங்கு உண்டு. பாட்டிமார்கள் காய்ச்சலில் இழுத்தால் ஜன்னி என்பார்கள். காய்ச்சல் இல்லாமல் திரும்பத் திரும்ப வந்தால் காக்கா வலிப்பு என்பார்கள். நாம் நாகரிகமாக இரண்டையும் ‘ஃபிட்ஸ்’ ஆக்கிவிட்டோம். இனி எந்த டாக்டரிடம் போனாலும் ‘காய்ச்சலோடு மட்டும், ஒரே தடவை’ என்ற சொற்களையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் வாதமே இதில்தான் நிற்கிறது. 6 மாதத்திலிருந்து 5 வயது வரை, நூற்றுக்கு 2 முதல் 5 குழந்தைகளுக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. உடம்பு முழுக்க இழுத்து, 15 நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்தில் மறுபடி வராவிட்டால் அதைச் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு என்போம். அதற்கு இ.இ.ஜி. என்ற மூளை அலைப் பரிசோதனை கூடப் பொதுவாகத் தேவைப்படாது, தினசரி மாத்திரையும் கிடையாது. ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு இன்னொரு காய்ச்சலில் மறுபடி வரலாம் என்பதால், காய்ச்சல் நாட்களில் மட்டும் கொடுக்கச் சொல்லி குளோபசாம் எழுதித் தரும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. குழப்பத்துக்கு விதை இதுதான். குளோபசாம் வலிப்பு நோயாளிகளுக்குத் தினசரி தரும் மருந்தும்கூட. பெயரை மட்டும் பார்ப்பவர் நோயையும் சேர்த்து ஊகித்துக்கொள்வார்.

இந்தத் தவறால் போவது கிளைம் பணம் மட்டுமல்ல. நாளைக்கு இன்னொரு டாக்டர் ‘மருந்தை ஏன் நிறுத்தினீர்கள்?’ என்று தினசரி மாத்திரையைத் தொடங்கிவிடலாம். 5 வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊசிக்கு ஒரு நர்ஸ் தயங்கலாம். காய்ச்சல் வலிப்பு அந்த ஊசிக்குத் தடையே இல்லை. அதனால் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், பணத்தை விட்டாலும் இந்த வரியை விடக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்? டெங்குவுக்குச் சேர்த்த மருத்துவமனைக்கு முதலில் போகாதீர்கள். ஒன்றரை வயதில் பார்த்த பழைய மருத்துவமனைக்கு இந்த வாரமே போங்கள். இதில் அவசரம் இருக்கிறது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பல இடங்களில் அதற்கு மேலும் வைத்திருப்பார்கள், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. உங்கள் மகளுக்கு இரண்டரை ஆண்டு ஓடிவிட்டது. அதே விதிமுறையில், நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் இருக்கிறது. இந்த 72 மணி நேரம் நகல் கொடுக்கத்தான், தவறைத் திருத்தித் தர அல்ல. வாட்ஸ்அப் செய்திகளில் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

சம்மரி மட்டும் போதாது, கேஸ் ஷீட் முழுவதின் நகலையும் கேளுங்கள். சேர்த்தபோது காய்ச்சல் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் இழுத்தது, கடைசியில் நோயின் பெயராக என்ன எழுதினார்கள், குளோபசாம் எப்படிக் கொடுக்கச் சொன்னார்கள் என்ற நான்கும் அதில்தான் இருக்கும். ‘காய்ச்சலின்போது மட்டும், 3 நாட்களுக்கு’ என்பது போல ஒரு வரி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒருவேளை அந்தக் கேஸ் ஷீட்டிலேயே காய்ச்சல் இல்லாமல் வந்தது என்றோ, ஒரே நாளில் இரண்டு தடவை வந்தது என்றோ இருந்தால், சண்டைக்குப் போகும் முன் உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டிப் பேசுங்கள். நம் நினைவும் சில சமயம் காலை வாரும்.

அதன் பிறகு டெங்கு பார்த்த மருத்துவமனை. வரவேற்பில் ‘சிஸ்டத்தில் ஏறிவிட்டது’ என்றார்கள் அல்லவா, அதற்கு அந்தப் பெண்ணின் லாகினில் மாற்றும் அனுமதி இல்லை என்றுதான் அர்த்தம். குழந்தையைப் பார்த்த டாக்டரை ஓ.பி. முடிகிற நேரத்தில் சந்தியுங்கள். கூட்டம் இருக்கும்போது போனால் ‘பார்க்கலாம்’ என்பார், அப்புறம் மறந்துவிடுவார். பேச்சை ‘உங்க தப்பால எங்க பணம் போச்சு’ என்று தொடங்காதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், அப்படித் தொடங்கினால் விஷயம் நிர்வாகத்துக்கும் வக்கீலுக்கும் போய்விடும்; அதன் பிறகு ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். பழைய கேஸ் ஷீட்டை மேசையில் வைத்து, “டாக்டர், இந்த ஒரு வரி இதோடு ஒத்துப்போகவில்லை, பாருங்கள்” என்றால் போதும். எங்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நிமிடம் முகம் சுருங்கும், பிறகு செய்து கொடுத்துவிடுவோம்.

பேசியதோடு விடாமல் ஒரு கடிதமும் கொடுங்கள். மருத்துவக் கண்காணிப்பாளர் பெயருக்கு, மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு வழியாக. எம்.ஆர்.டி. என்று கேட்டால் காட்டுவார்கள். இவ்வளவு போதும்:

‘என் மகள் (பெயர், உள்நோயாளி ஐ.பி. எண்) இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை டெங்குவுக்காக உங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். டிஸ்சார்ஜ் சம்மரியில் முந்தைய நோய் விவரத்தில் வலிப்பு நோய் இருப்பதாகவும் தொடர்ந்து மருந்து எடுப்பதாகவும் உள்ளது. இது சரியல்ல. 1 வயது 7 மாதத்தில் காய்ச்சலோடு ஒரே ஒரு முறை வலிப்பு வந்தது. குளோபசாம் காய்ச்சலின்போது மட்டும் கொடுக்கச் சொல்லப்பட்டது. அப்போதைய கேஸ் ஷீட்டின் நகலை இணைத்துள்ளேன். இதைப் பரிசீலித்து, திருத்திய சம்மரியும், அந்த விவரம் தவறாகப் பதிவானது என்று சிகிச்சை அளித்த மருத்துவரின் விளக்கக் கடிதமும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கடிதத்தில் ‘அழித்துத் தாருங்கள்’ என்று எங்கும் எழுதவில்லை, கவனித்தீர்களா? மருத்துவப் பதிவில் அழிப்பது கிடையாது. பிறப்புப் பதிவேட்டிலும் இதே ஒழுங்குதான். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, பழைய பதிவைத் தொடாமல் ஓரத்தில் திருத்தம் எழுதி, தேதியிட்டுப் பதிவாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது.

நான் இதைப் படித்த இடம் புத்தகம் அல்ல. பயிற்சிக் காலத்தில் ஓர் அரசு மருத்துவமனைப் பச்சிளங்குழந்தை வார்டு. பெயர் வைக்காத குழந்தைகளை அம்மா பெயரைப் போட்டு ‘பி/ஓ இன்னார்’ என்றுதான் எழுதுவோம். அன்றைக்குப் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிலில் இரண்டு ‘பி/ஓ செல்வி’. ஒரு குழந்தையின் மஞ்சள் காமாலை ரிப்போர்ட்டை இன்னொன்றின் கேஸ் ஷீட்டில் ஒட்டிவிட்டேன். நீல விளக்கில் போட வேண்டிய குழந்தையை வீட்டுக்கு அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தோம். “சார், இந்தப் பாப்பாவுக்கு உள்ளங்கால் வரைக்கும் மஞ்சளா இருக்கு, காமாலை அளவு 7-னு போட்டிருக்கீங்க?” என்று கேட்டது ஒரு நர்ஸ். பதறிப்போய் ஒட்டிய தாளைக் கிழிக்கப் போனேன். யூனிட் சீஃப் என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுத்து தெரியும்படி குறுக்கே ஒரே கோடு, ‘தவறாக ஒட்டப்பட்டது, இன்ன ஐ.பி. எண்ணுடைய குழந்தையினுடையது’ என்று பக்கத்தில் ஒரு குறிப்பு, தேதி, மணி, கையெழுத்து. அதையே இன்னொரு குழந்தையின் ஷீட்டிலும் எழுத வைத்தார். “கிழிச்சா நீ தப்பு பண்ணலைன்னு ஆயிடாது, தப்பை மறைச்சேன்னுதான் ஆகும்” என்றார்.

கணினியிலும் இதே கதைதான். உங்களுக்குக் கிடைக்க வேண்டியது ‘திருத்தப்பட்டது’ என்ற குறிப்பும் புதிய தேதியும் உள்ள சம்மரி. பழைய தேதியிலேயே, வரியை மட்டும் நைசாக எடுத்துவிட்டுப் புதிதாக அச்சடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் பழைய பிரதி இருக்கிறது. ஒரே தேதியில் இரண்டு விதமான சம்மரி போனால் மருத்துவமனையும் நீங்களும் சேர்ந்து ஏமாற்றுவதாகத்தான் நினைப்பார்கள்.

கிளைம் விஷயத்துக்கு வருகிறேன். திருத்திய சம்மரி, டாக்டரின் விளக்கக் கடிதம், பழைய கேஸ் ஷீட் மூன்றையும் வைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுபடி மறுத்தாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆம்பட்ஸ்மேன் என்றால் எல்லோருக்கும் தெரியும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

ஆனால் ஒன்று. பாலிசி எடுத்தபோது நிரப்பிய விண்ணப்பத்தை எடுத்துப் பாருங்கள். வலிப்பு நோய் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் செய்திருந்தால், அது சரியான பதில்தான். முன்பு மருத்துவமனையில் சேர்த்ததுண்டா என்று தனியாகக் கேட்டிருந்து, அதற்கும் ‘இல்லை’ என்று போட்டிருந்தால், அந்தத் தவறு மருத்துவமனையுடையது அல்ல. பெரும்பாலும் ஏஜென்ட்தான் நிரப்பியிருப்பார், நாம் கையெழுத்து மட்டும் போட்டிருப்போம். அப்படியென்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, வந்தது காய்ச்சல் வலிப்புதான் என்று வாதாடுங்கள்.

எனக்கு வரும் திருத்தக் கோரிக்கைகளில் கணிசமானவை தவறே அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமா என்று எழுதியதை வீசிங் என்று மாற்றித் தரச் சொல்வார்கள். ‘பேச்சு தாமதம்’ என்ற வார்த்தையை எடுக்கச் சொல்வார்கள். மாற்றித் தருவதில்லை. ஆனால் இதில் எங்கள் தரப்பும் யோக்கியம் கிடையாது. பெற்றோர் பயப்படுவார்களே என்று ஆஸ்துமாவுக்கு வீசிங், அலர்ஜி இருமல் என்று செல்லப் பெயர் வைத்தது நாங்கள்தான். உங்கள் விஷயம் அந்த வகை அல்ல. அது சுத்தமான தவறு.

மருத்துவமனை எழுத்துபூர்வமாகவே மறுத்துவிட்டால், மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுக்கலாம், ஜே.டி. அலுவலகம் என்பார்கள். நகலே தராமல் இழுத்தடிக்கும் டாக்டர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. நியாயமான ஆதாரத்தோடு போனவர்களில் அந்த அளவுக்குப் போக நேர்ந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆபா என்ற அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கில் குழந்தையின் பதிவுகளை இணைத்திருந்தால் அங்கேயும் பழைய சம்மரி இருக்கிறதா என்று பாருங்கள். செயலியில் நீங்களாக மாற்ற முடியாது, ஏற்றிய மருத்துவமனைதான் மாற்ற வேண்டும்.

இப்போது ஊசி. ஒன்றரை வயதில் போட்டது தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு பூஸ்டரும் போலியோ சொட்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டிருந்தால் வேலை எளிது. அந்தக் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் தேதி இருக்கும், யு-வின் என்ற அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளத்திலும் ஏற்றியிருக்கலாம். அம்மாவை ஒரு புதன்கிழமை, ஊசி போடும் நாளில், அட்டையோடு அனுப்பிவையுங்கள். நர்ஸம்மா பதிவேட்டைப் பார்த்துத் தன் கையால் தேதி எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருவார். தனியாரில் போட்டிருந்தால் அந்த கிளினிக்கின் ரெஜிஸ்டர். எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் போடாததாகவே எடுத்துக்கொண்டு, எதை மறுபடி போடுவது என்று உங்கள் டாக்டர் முடிவு செய்வார். தட்டம்மை–ரூபெல்லா ஊசியை ஒன்று கூடுதலாகப் போடுவதால் கெடுதல் இல்லை. முத்தடுப்பு அதிகமானால் ஊசி போட்ட இடம் கொஞ்சம் அதிகமாக வீங்கி வலிக்கலாம், அவ்வளவுதான்.

அட்டை கையில் இருக்கும்போதே இன்னும் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். ஒன்று இன்ஷியல். பிறப்புச் சான்றிதழில் இன்ஷியல் பின்னால், அட்டையில் முன்னால், பாலிசியில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால், கணினிக்கு அவர்கள் மூன்று குழந்தைகள். மற்றொன்று பிறந்த தேதி. நடுநிசிக்குப் பின் 2 மணிக்குப் பிறந்த குழந்தையை வீட்டில் ‘திங்கட்கிழமை ராத்திரி பிறந்தவள்’ என்பார்கள். மருத்துவமனைக் கணக்கில் அது செவ்வாய்.

மாமியாரிடம், திருத்திய சம்மரி வந்ததும் படித்துக் காட்டுங்கள். அதுவரைக்கும், 5 வயது தாண்டினால் இந்த ஜன்னி பெரும்பாலும் எட்டிப் பார்க்காது என்று சொல்லுங்கள். பள்ளிப் படிவத்தில் மட்டும் பயந்துகொண்டு மறைக்காதீர்கள். ‘1 வயது 7 மாதத்தில் ஒரு முறை காய்ச்சல் வலிப்பு. காய்ச்சல் அடித்தால் உடனே அழைக்கவும்’ என்று எழுதி, கீழே உங்கள் எண்ணைப் போடுங்கள்.

அப்புறம், பீரோவில் இருக்கும் அந்த மாத்திரை. காலாவதித் தேதியைப் பார்த்தீர்களா? எழுதிக் கொடுத்தபோது மகள் 10 கிலோ இருந்திருப்பாள், இப்போது 15-ஐ நெருங்கியிருப்பாள். அடுத்த காய்ச்சலுக்கு முன் உங்கள் டாக்டரிடம் எடையைப் பார்த்து, இனி அந்த மாத்திரை வேண்டுமா, வேண்டும் என்றால் எவ்வளவு என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘காய்ச்சலின்போது மட்டும்’ என்பதையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

– குழந்தைகள் நல மருத்துவர்